மூன்று எழுத்து போதும்!

"இதெல்லாம் நமக்கு எங்கே புரியப் போகிறது?" இந்த ஒரு வாக்கியம் தின்று தீர்த்த அறிவுக்குக் கணக்கே கிடையாது. பரீட்சையில் தோற்றவன் மறுபடி எழுதுகிறான். வியாபாரத்தில் நொடித்தவன் மறுபடி கடை திறக்கிறான். இந்த வாக்கியத்தைச் சொன்னவன் மட்டும் களத்தில் இறங்காமலேயே தோற்றுப்போகிறான். அதை அடித்து நொறுக்க ஒரு சின்னப் பொருளைக் கொண்டுவந்திருக்கிறேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கரும்பழுப்பு நிறம். ஒரு பக்கம், ஒரு தலை இருந்ததற்கான தடம். மறுபக்கம் யாரோ நிற்கிறார்கள். முகம் இல்லை, கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதும் தெரியவில்லை. விளிம்பைச் சுற்றி எழுத்துகள், பாதி தேய்ந்து, பாதி களிம்பேறி. இது ரோமானிய மாகாணக் காசு. ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஏதோ ஓர் ஊர்ச் சந்தையில் கைமாறியது. "இதைப் படிக்கப் பேராசிரியர் வேண்டும்" என்று கீழே வைத்துவிடத் தோன்றும். வைக்காதீர்கள். உங்களால் இதைப் படிக்க முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எப்படிப் படிப்பது என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

ரோமாபுரி தன் பெயரில் தங்கமும் வெள்ளியும் செம்பும் அடித்தது. அது பேரரசின் காசு. ஆனால் அதன் ஆட்சிக்குள் இருந்த கிழக்கு மாகாணங்களில், அதாவது இன்றைய துருக்கி, கிரீஸ், பல்கேரியா, சிரியா, லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான், எகிப்து என்று விரியும் பரப்பில், 500க்கும் மேற்பட்ட நகரங்கள் தங்கள் அன்றாடச் செலவுக்கான காசைத் தாங்களே அடித்துக்கொண்டன. பெரும்பாலும் வெண்கலம், சில இடங்களில் வெள்ளி. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும்கூட இந்த வழக்கம் இருந்தது. கிளாடியஸ் ஆட்சியோடு மேற்கில் அது ஓய்ந்துவிட்டது. கிழக்கில் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா மட்டும் பேரரசர் டயோக்ளீஷியன் நாணயத்தை மாற்றியமைத்த கி.பி. 296 வாக்கில்தான் கடைசியாக நிறுத்தியது. பேரரசரின் தலையை முன்பக்கம் போட்டார்கள். பின்பக்கம் தங்கள் ஊரின் பெருமையைப் போட்டார்கள்: தங்கள் கோயில், தங்கள் ஆறு, தங்கள் மலை, தங்கள் தெய்வம். அடிபணிந்து வாழ்ந்த ஊர்கள்தான். ஆனாலும் கட்டைவிரல் அகலமுள்ள ஓர் இடம் கிடைத்ததும் "நாங்கள் இன்னார்" என்று பொறித்துவிட்டார்கள்.

இந்தக் காசுகளை நெடுங்காலம் யாரும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. கிரேக்கக் காசு சேர்ப்பவர்கள், "இது பழைய கிரேக்கத்தின் அழகு இல்லாத பிற்காலச் சரக்கு" என்று ஒதுக்கினார்கள். ரோமானியக் காசு சேர்ப்பவர்கள், "இதில் லத்தீனே இல்லையே, இது ரோமானியம் எப்படி ஆகும்?" என்று ஒதுக்கினார்கள். இரண்டு வீட்டிலும் இலை போடாமல் வெளியே நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பிரான்ஸ் தேசிய நூலகமும் கைகோத்து, ஆண்ட்ரூ பர்னெட், மிஷேல் அமாந்த்ரி, பேரே பாவ் ரிப்போல்யேஸ் ஆகிய மூவரும் தொகுத்த 'ரோமன் புரொவின்ஷியல் காயினேஜ்' முதல் தொகுதி வெளிவந்தது 1992இல்தான். நாணயவியல் என்ற துறைக்கு அப்போதே பல நூற்றாண்டு வயது. அத்தனை காலம் இந்தக் காசுகளை வரிசைப்படுத்திய முழுமையான ஒரு நூல்வரிசை கிடையாது! ஆர்வமுள்ள புதியவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியுமா? எல்லாம் முடிந்துபோன துறை இல்லை இது. பட்டியலில் ஏறாத காசுகள் இன்றும் வெளிவந்துகொண்டேதான் இருக்கின்றன. வாசல் திறந்தே கிடக்கிறது.

யார் உள்ளே போனார்கள் என்று பாருங்கள். ஃப்ரீட்ரிஷ் இம்ஹோஃப்-புளூமர், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தவர், 1838இல் பிறந்தவர், துணி வணிகக் குடும்பத்துப் பிள்ளை. வணிகத்தை விட்டுவிட்டுக் காசுக்குள் போனார். தன்னிடம் இல்லாத காசுகளைப் பிளாஸ்டர் படிகளாகச் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், நகரக் காசுகளைப் பற்றி அவர் எழுதியதை இன்றும் அறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருடைய சேகரிப்பை 1900இல் பெர்லின் வாங்கியது. வில்லியம் ஹென்றி வாடிங்டன் 1879இல் பிரான்ஸின் பிரதமராக இருந்தவர். சின்ன ஆசியாவிலும் சிரியாவிலும் பயணம் செய்து கல்வெட்டும் காசும் தேடியவர். அவர் இறந்த பிறகு அவருடைய காசுகளைப் பிரான்ஸ் தேசிய நூலகம் வாங்கியது. அவர் தொடங்கிவைத்த சின்ன ஆசியக் காசுப் பெருநூலைப் பாபலோன், ரைனாக் என்ற இரு அறிஞர்கள் தொடர்ந்து எழுதினார்கள். ஒரு நாட்டை நடத்திய மனிதருக்குத் தேய்ந்த வெண்கலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது. நமக்கு நேரமில்லை என்று சொல்ல வாய் வருமா? ஒருவர் வியாபாரி வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் அரசியல்வாதி. பட்டம் வந்து கதவைத் தட்டட்டும் என்று இருவரும் காத்திருக்கவில்லை.

"எழுத்தே புரியவில்லையே, கிரேக்கம் படித்திருக்கிறேனா நான்?" சரி, இந்தப் பயத்தை நேராகவே சந்திப்போம். கிரேக்க எழுத்துகள் மொத்தம் 24. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துகளைப் பால்பல் விழும் வயதில் கற்று முடித்தவர்கள் நாம்! அந்த மூளைதானே இன்றும் தோளுக்கு மேல் இருக்கிறது? இருபத்து நான்குக்கு அஞ்சுவதா? அதிலும் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவங்கள். ஏமாற்றுகிற சிலவற்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆங்கில 'சி' போலத் தெரிவது இந்தக் காசுகளில் பெரும்பாலும் சிக்மா, ஒலி 'ஸ'. 'பி' போலத் தெரிவது ரோ, ஒலி 'ர'. 'ஹெச்' போல நிற்பது ஈட்டா. அது நெடில் 'ஏ'. 'டபிள்யூ' போல வளைந்தால் ஓமேகா, நெடில் 'ஓ'. ஒரு வாரம் தினமும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எட்டாம் நாள் 'கைசர்', 'செபாஸ்தோஸ்' ஆகிய இரண்டு சொற்களும் உங்கள் கண்ணில் தாமாக வந்து விழும். முதலாவது சீசர். இரண்டாவது, அகஸ்டஸ் பட்டத்தின் கிரேக்க வடிவம். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் முன்பக்கத்தில் எங்கே பட்டம் முடிகிறது, எங்கே பெயர் இருக்கிறது என்று பிரித்துவிடலாம்.

பின்பக்கம்தான் ஊரைச் சொல்லும். "இன்ன ஊராருடையது" என்ற வடிவில் பெயர் வரும். எபெசு நகரத்தார் என்றால் 'எபெசியோன்', நிக்கேயா நகரத்தார் என்றால் 'நிக்கேயோன்'. ஆகவே கடைசியில் 'ஓன்' தெரிகிறது என்று துள்ளாதீர்கள், அது ஏறக்குறைய எல்லா ஊருக்கும் பொது. தலையெழுத்துகளைத் தேடுங்கள். முதல் மூன்று எழுத்து கிடைத்தாலே நூற்றுக்கணக்கான ஊர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். முழுதாகத் தெரிந்தால்தான் தொடங்குவேன் என்பவர் எதையும் தொடங்குவதில்லை. இங்கே எவருக்கும் முழுதாகத் தெரிவதில்லை. தெரிகிற மூன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத முப்பதுக்குள் நடப்பதுதான் இந்த வேலையே.

மூன்று எழுத்து என்ன செய்யும் என்று ஒரு காசை வைத்தே பார்ப்போம். ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் அகலம். ஓரம் ஒழுங்கில்லாத வெண்கலத் துண்டு. ஒரு பக்கம் கைப்பிடி வளைந்த ஒரு கோல். மறுபக்கம் இலைவளையம், அதற்குள் மூன்று குறிகள். முதல் குறி ஆங்கில 'எல்' எழுத்தைப் போல இருக்கிறது. எகிப்து, யூதேயா பகுதிக் காசுகளில் அது 'ஆண்டு' என்பதற்கான அடையாளம். அடுத்தது அயோட்டா. அதற்கடுத்தது சீட்டா. கிரேக்கர்கள் எழுத்தையே எண்ணாகவும் எழுதினார்கள். அயோட்டா 10, சீட்டா 7. ஆக, ஆண்டு 17. கோலைச் சுற்றிய எழுத்து 'திபெரியூ கைசரோஸ்' என்று இருக்கிறது. திபேரியஸ் கி.பி. 14ஆம் ஆண்டில் பேரரசரானார். அவருடைய 17ஆம் ஆட்சியாண்டு 30, 31ஆம் ஆண்டுகளில் விழும். அப்போது யூதேயாவின் ஆளுநர் யார்? 26 முதல் 36 வரை அங்கே ஆட்சி செய்தவர் பொந்தியு பிலாத்து. இயேசுவுக்குத் தீர்ப்பளித்த அதே பிலாத்து!

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தக் காசில் பிலாத்துவின் பெயர் இல்லை. உருவமும் இல்லை. அவர் பெயர் தாங்கிய கல்வெட்டு ஒன்று கடற்கரைச் செசரியாவில் 1961இல்தான் கிடைத்தது. ஆனால் மூன்று குறிகளும் ஒரு சின்னக் கூட்டலும் அவரைக் கைகாட்டிவிட்டன. யாருடைய சிபாரிசும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதுமானதாக இருந்தது. 'எனக்குத் தகுதி இல்லை' என்று இனி எதை வைத்துச் சொல்வீர்கள்?

எங்கே தொடங்குவது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: அலெக்சாந்திரியாவில் தொடங்குங்கள். மற்ற பல ஊர்க் காசுகளில் ஆண்டு இருப்பதில்லை. அலெக்சாந்திரியாக் காசில் அது பெரும்பாலும் கட்டாயம். அதே 'எல்' போன்ற குறி, பக்கத்தில் எண். நீங்கள் சொன்னது சரியா தவறா என்று காசே சோதித்துக் காட்டும். கற்பவனுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். ஒரு நுட்பத்தை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். எகிப்தின் புத்தாண்டு ஆகஸ்ட் 29. அரசர் எந்த நாளில் பதவியேற்றாலும் அடுத்து வரும் ஆகஸ்ட் 29 அன்று அவருடைய இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். ஹேட்ரியன் 117 ஆகஸ்ட் 11 அன்று பேரரசரானார். அவருடைய 'முதல் ஆண்டு' வெறும் 18 நாள்! ஒன்பதாம் ஆண்டுக் காசுகளில் இன்னொரு விநோதம் உண்டு. ஒன்பதுக்குரிய தீட்டா எழுத்துக்குப் பதிலாக 'ஒன்பதாவது' என்ற சொல்லையே எழுதியிருப்பார்கள். தீட்டா சாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்து என்பதால் தவிர்த்தார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். இதை அறிந்தவர், எண் இருக்கவேண்டிய இடத்தில் நீண்ட சொல்லைக் கண்டு மலைக்கமாட்டார். மலைக்காமல் அடுத்த அடி வைப்பதற்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. அது பிறவியில் வருவதில்லை, இப்படி ஒவ்வொரு நுட்பமாகச் சேருகிறது.

எழுத்து முழுக்க அழிந்துவிட்டதா? அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். உருவம் பேசும். அடுக்கடுக்காக உயர்ந்த ஒரு மலை பீடத்தின் மேல் நிற்கிறதா? அது அர்கேயுஸ், இன்றைய எர்ஜியஸ் மலை. கப்படோக்கியாவின் செசரியா, இன்றைய கைசேரி நகரம். மலையுச்சியில் கோயில், அதற்கு ஏறிச்செல்லும் படிக்கட்டுகூடத் தெரிகிறதா? கெரிசிம் மலை, நியாபொலிஸ், இன்றைய நப்லுஸ். பனைமரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை என்றால் பிரான்ஸின் நீம் நகரம். மறுபக்கம் அகஸ்டஸும் அவர் தளபதி அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி இருப்பார்கள். ஒரு பெண்ணின் இரு பக்கமும் காளையும் சிங்கமும் நின்றால் செர்பியாவின் விமினாகியம். அது லத்தீன் எழுதிய ஊர். அசையாமல் நிமிர்ந்து நிற்கும் தேவி, இரு பக்கமும் மான்கள் என்றால் எபெசுவின் ஆர்ட்டெமிஸ். ஆனால் எச்சரிக்கை: அந்தத் தேவியை வேறு பல ஊர்களும் தங்கள் காசில் போட்டன. உருவம் வாசலைக் காட்டும். உள்ளே போய் உறுதிசெய்ய வேண்டியது எழுத்தைக் கொண்டுதான்.

என் நெஞ்சை மிகவும் அசைத்த காசு ஃபிரிகியாவின் அப்பாமேயாவில் அடித்தது. அந்த ஊர் துருக்கியின் இன்றைய தினார். செப்டிமியஸ் செவரஸ், முதலாம் பிலிப் முதலிய பேரரசர்கள் காலத்தில் அங்கே ஒரு காட்சியைப் பொறித்தார்கள். தண்ணீரில் மிதக்கும் ஒரு பெட்டி. அதற்குள் ஓர் ஆணும் பெண்ணும். மேலே ஒரு பறவை. கிளை ஏந்திப் பறந்து வரும் இன்னொரு பறவை. பெட்டிக்கு வெளியே அதே இருவர் கரையேறிக் கை உயர்த்தி நிற்கிறார்கள். பெட்டியின் மேல் மூன்றே எழுத்து: நூ, ஓமேகா, எப்சிலான். நோவே! நோவாவின் பேழை! விவிலியக் கதை ஒன்று, கிறிஸ்தவம் அரச மதமாகும் முன்னரே, ஊர்க்காசில் ஏறியிருக்கிறது. அந்த மூன்று எழுத்து தேய்ந்திருந்தால் 'பெட்டிக்குள் இருவர்' என்று மட்டும்தான் ஒருவர் எழுதிவைக்க முடியும். மூன்று எழுத்தைக் கண்ணெடுக்காமல் தேடிய ஒருவரின் பொறுமை, ஒரு செம்புத்துண்டை வரலாறாக்கிவிடுகிறது.

வெறுமைகூடப் பேசும் என்பதற்கு ஸ்ட்ராட்டோனிகேயா சாட்சி. காரியா நாட்டு ஊர் அது. பேரரசர் காரகல்லாவும் அவர் தம்பி கேட்டாவும் முகத்தோடு முகம் பார்க்கும்படி பெரிய காசு அடித்தார்கள். 211 டிசம்பரில் அண்ணன் தம்பியைக் கொன்றான். தம்பியின் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக் கூடாது என்றாயிற்று. புழக்கத்தில் இருந்த காசுகளில் கேட்டாவின் முகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேல்முத்திரை குத்தி மறுபடி சந்தைக்கு விட்டார்கள். அந்தக் காசைக் கையில் எடுப்பவர் "ஒரு பக்கம் வழித்துப் போயிருக்கிறது, தரமில்லை" என்று ஒதுக்கினால் நட்டம் அவருக்குத்தான். தேய்மானம் பொதுவாகக் காசு முழுதும் ஏறக்குறைய சீராக இருக்கும். இங்கே ஒருவன் முகம் தெளிவாக இருக்க, அவன் பார்க்கும் திசையில் மட்டும் பள்ளம். அது வேண்டுமென்றே செய்த வேலை. கேட்டாவை அழிக்க முனைந்தவர்களின் உளித்தடமே இன்று கேட்டா அங்கே இருந்ததற்குச் சான்று.

சறுக்கும் இடங்களையும் மறைக்கமாட்டேன். அன்டோனினஸ் என்ற பெயரை அன்டோனினஸ் பயஸ், மார்கஸ் ஆரேலியஸ், காரகல்லா, எலகபாலஸ் ஆகிய நால்வருமே தாங்கினார்கள். இளம் காரகல்லாவையும் எலகபாலஸையும் பிரித்தறிவதில் நிபுணர்களே இன்றும் வாதாடுகிறார்கள். அந்தியோகியா என்ற பெயரில் பல ஊர்கள், லவோதிக்கேயா பல, அப்பொல்லோனியா பல, மக்னேசியாவும் ஒன்றுக்கு மேல். போதாக்குறைக்கு, சின்ன ஆசியாவில் ஒரே முன்பக்க அச்சைப் பல ஊர்கள் பகிர்ந்துகொண்டன என்று ஆய்வாளர் கொன்ராட் கிராஃப்ட் 1972இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். அரசரின் அதே முகம், அதே கீறல், ஆனால் பின்பக்கம் வேறு ஊர்! இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். இதுவும் உங்களுக்குக் கிடைத்த ஆயுதம். பின்பக்கம் அழிந்த காசின் முன்பக்க அச்சு, நன்றாக உள்ள இன்னொரு காசின் முன்பக்க அச்சோடு பொருந்தினால், தேடவேண்டிய ஊர்கள் சிலவாகக் குறைந்துவிடும். அப்படியும் முடிவு எட்டவில்லை என்றால் 'காரகல்லா அல்லது எலகபாலஸ்' என்று எழுதுங்கள். தெரிந்த எல்லையை நிமிர்ந்து நின்று சொல்லத் துணிவு வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவனிடம் அந்தத் துணிவு இருப்பதில்லை.

கையில் காசு இருக்கிறவர்களுக்குச் சில சொற்கள். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைத் தயவுசெய்து காசின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சையும் வேண்டாம், பித்தளைப் பவுடரும் வேண்டாம். பளபளப்பாக்கிய மறுகணமே எழுத்தின் விளிம்பைத் தாங்கியிருந்த களிம்புப் படலம் போய்விடும். நூற்றாண்டுகள் அழிக்காததை நீங்கள் பத்து நிமிடத்தில் அழித்திருப்பீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெல்ல எடுங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்கிற புள்ளி தெரிந்தால் அது உலோகத்தைத் தின்னும் நோய். ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊர்களில் வேகமாகப் பரவும். காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் உலர்வாக வையுங்கள். பிவிசி உறையில் போடாதீர்கள். எழுத்தைப் படிக்கும்போது தலைக்கு மேல் விளக்கு வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காசின் ஓரத்தில் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். இல்லாத எழுத்து எழுந்து வரும்! ஒவ்வொரு கோணத்திலும் செல்போனில் படமெடுங்கள். எடை, விட்டம், இரு பக்கமும் எந்தத் திசையில் பொருந்துகின்றன என்பதைக் குறித்துவையுங்கள். அடித்த காசா, வார்த்த போலியா என்பதை ஓரம் சொல்லும். ஓரத்தில் அரம் தேய்த்த கோடு ஓடினால் சந்தேகப்படுங்கள்.

வாங்குவதில் நேர்மை வேண்டும். இதில் சமரசமே கூடாது. துருக்கி மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் அந்த நாட்டு அரசுக்குச் சொந்தம். இரவில் உலோகம் காட்டும் கருவியோடு தொல்லூரைக் கிண்டி எடுத்த காசு, தன் ஊரையும் மண்ணடுக்கையும் இழந்த காசு. எங்கிருந்து, யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இருக்கின்றன. நிலத்தில் புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசை நாட்டைவிட்டு அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. தலை நிமிர்ந்து காட்ட முடியாத சேகரிப்பு எவருக்கும் பெருமை தராது.

காசு வாங்கப் பணமே இல்லையா? அதனால் என்ன! ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இயங்கும் ரோமானிய மாகாண நாணயத் தளம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. பேரரசர், மாகாணம், நகரம், பின்பக்க உருவம் என்று வடிகட்டலாம். எழுத்துத் துணுக்கைக் கொடுத்தும் தேடலாம். ஒரு பைசா செலவில்லாமல் உலகின் பெரிய அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளைத் திறந்து பார்க்கிறீர்கள். இம்ஹோஃப்-புளூமர் பிளாஸ்டர் படிகளாகத் தேடித் தேடிச் சேர்த்தது இன்று உங்கள் உள்ளங்கையில் ஒளிர்கிறது. படங்களைச் சேர்க்கிறவரும் சேகரிப்பாளரே. அடையாளம் காண்பதற்குக் காசு உங்களுக்குச் சொந்தமாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானியக் காசுகள் பெரும்பாலும் இந்த இனம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நூற்றாண்டில் கடல் வணிகம் இங்கே கொண்டுவந்தது அகஸ்டஸ், திபேரியஸ் காலப் பேரரசுத் தங்கமும் வெள்ளியும். மாகாணச் செம்பு தன் ஊர்ச் சந்தையைவிட்டு அதிகம் நகரவில்லை. பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கரூரிலும் மதுரையிலும் ஏராளமாகக் கிடைத்தன. அவை விரல்நுனி அளவு, தேய்ந்தவை, ஒதுக்கப்பட்டவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து 1994இல் நூலாக்கியவர் நாளிதழ் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பாண்டியர் செப்புக்காசு ஒன்றில் தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்துச் சொன்னவரும் அவரே. தினமும் செய்தித்தாள் அச்சுக்குப் போகும் அவசரத்துக்கு நடுவே ஒரு மனிதர் செய்த வேலை இது. அவர் நம் ஊரில், நம் காலத்தில் வாழ்ந்தவர். முடியும் என்பதற்கு அதற்குமேல் அத்தாட்சி கேட்பது வீண்.

ஆகவே இன்றிரவே உட்காருங்கள். அந்தத் தளத்தைத் திறந்து, உங்களுக்கு அறவே தெரியாத ஒரு காசின் படத்தை எடுங்கள். விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தாளில் வரையுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன ஆதாரம் என்று நீங்களாகவே எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் தனித்தனியே பிரித்துக் காட்டுங்கள். அதன் பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள். தவறியிருந்தால் எந்த எழுத்து உங்களை ஏமாற்றியது என்று குறித்துக்கொண்டு அடுத்த காசுக்குப் போங்கள். சரியாக வந்திருந்தால் அந்தத் தாளின் அடியில் தேதி போட்டு, உங்கள் பெயரைத் தமிழில் முழுதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.